வெள்ளைக் குருமா கறுத்த கதை

யாக்கோபு அண்ணன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். இரண்டு தடவை மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் ராணிப்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் கம்பவுண்டர். எதையும் நாக்கில் வைத்தால் அது இன்னதென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

"கிரேசு, இதுல இன்னா மருந்து சேத்திருக்கே?" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரகதம் அண்ணி. அவருடைய மனைவி, என் கணவரின் அக்கா. அண்ணி இன்னும் கை வைக்கவில்லை. இலையில் நான் பரிமாறியிருந்த குருமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைக் குருமான்னு தானே சொன்னே?"

"ஆமாம் அண்ணி."

"மை கொட்டி ஆக்கினியா?"

அது வெள்ளையாக இல்லை. சட்டியில் இருந்தபோது சாம்பல் நிறத்தில் இருந்தது. இலைக்கு வந்து நெய்ச்சோற்றில் பரவியபோது பள்ளிக்கூட மைப்புட்டி கவிழ்ந்தது போலக் கருநீலமாகிவிட்டது.

மூன்றாவது இலையில் என் கணவர் சாமுவேல். அவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்தார், உருட்டினார், விழுங்கினார். பிறகு இலையை என் பக்கம் சற்றுத் தள்ளி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

இது கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், ஆம்பூரில், எங்கள் வாடகை வீட்டில். அந்த ஒரு சாப்பாட்டைப் பொறுத்துத்தான் நான் பள்ளிக்கூட வேலையில் இருப்பதா வேண்டாமா என்பது முடிவாக இருந்தது.

எண்பது பேருக்குச் சோறு

எனக்கு ஏன் சமையல் தெரியாமல் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

தெற்கே திருநெல்வேலிச் சீமையில் ஒரு மிஷன் விடுதியில் வளர்ந்தவள் நான். அம்மா இல்லாத பெண் என்பதால் சிறு வயதிலேயே அங்கே விட்டார்கள். விடுதியில் அடுப்படி என்பது சமையல்காரர்களின் ராஜ்யம். எங்களுக்கு அங்கே அரிசியில் கல் பொறுக்கும் வேலை மட்டும் உண்டு. அதற்கும் வாசலுக்கு வெளியே உட்கார வேண்டும். கரண்டியை எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தால் அது திருட்டு. பிரம்படி கிடைக்கும்.

இந்தக் கடைசிச் செய்தியை வாசகர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கல்யாணமான பிறகும் அடுப்படியில் நின்று ருசி பார்க்க எனக்குக் கை வராது. யாரோ பின்னால் பிரம்போடு நிற்பது போலவே இருக்கும்.

படிப்பு முடிந்து, கணக்கு டீச்சர் வேலை கிடைத்து, வடக்கே ஆம்பூருக்கு வந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு மாதத்தில் அது தெரியாமல் போய்விட்டது. அடுத்த வருஷம் சாமுவேலுடன் கல்யாணம் ஆயிற்று. அவர் ஒரு தோல் ஷெட்டில் கணக்கராக இருந்தார். தோல் பதனிடத் தேவையான ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வாங்குவது அவர் பொறுப்பு.

கல்யாணமான மறுவாரம் முதல் தடவையாக நானே சோறு வடித்தேன். எனக்குத் தெரிந்த அளவெல்லாம் விடுதியில் எண்பது பேருக்கு மூட்டை பிரித்துக் கொட்டிய அளவுதான். இரண்டு பேருக்கு அது எவ்வளவு என்று தாளில் வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரியாகவே வந்தது. ஆனால் தண்ணீரையும் அதே கணக்கில் வகுத்துவிட்டேன். அது அப்படி வராது என்பது சோறு அடியில் கருகி மேலே அரிசியாக நின்றபோதுதான் தெரிந்தது.

இன்னொரு நாள் ரசம். புளியைக் கரைத்துப் பித்தளைப் பாத்திரத்தில் கொதிக்க விட்டேன். அந்தப் பாத்திரத்தில் ஈயம் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. ஈயம் பூசாத பித்தளையில் புளி கொதித்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அன்று இரவு அவர் நாலைந்து தடவை கொல்லைக்கு ஓடினார். மறுநாள் ஷெட்டுக்குப் போகவில்லை. நான் அழுதேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இப்ப கம்மியாயிட்டுது, பயப்படாதே" என்று என்னைத் தேற்றினார்.

அண்ணியின் தவணை

அவர்களுடைய அம்மா இறந்தபோது என் கணவர் இடுப்பில் தூக்கும் குழந்தை. அண்ணிதான் அவரை வளர்த்தார். சோறு ஊட்டினார், பள்ளிக்கு அனுப்பினார், கடைசியில் பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தார். என்னைப் பார்க்க வந்தபோதே, "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போகணும்னு சொல்றியாம், பாக்கலாம்" என்றுதான் சொன்னார். அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லின் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வருஷம் என் கணவர் இளைத்துவிட்டார். சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது. அண்ணி ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு என்னிடம் நேராகவே சொன்னார்.

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குக் கணக்கு சொல்லித்தர ஆயிரம் பேர் வருவாங்க. இவனுக்குச் சோறாக்க நீ ஒருத்திதான். கிறிஸ்துமஸுக்கு வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தான்னா வேலையை விட்டுடணும்."

வேலையில் தொடர்வேனா என்று பள்ளியில் தலைமையாசிரியையும் அதே சமயத்தில் கேட்டிருந்தார். கல்யாணமான டீச்சர்கள் வேலையில் நீடிப்பது அப்போது வழக்கமில்லை. என் இடத்துக்கு வேறொரு பெண் காத்திருந்தாள். விடுமுறை முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அது. கரும்பலகை முன்னால் நின்றால்தான் நான் யாரென்று எனக்கே தெரியும். என் கணவரிடம் இதைச் சொன்னேன். "அக்கா பேச்சை இதுவரைக்கும் நான் தட்டினதில்லையே" என்றார். 

ஒரு பொட்டலம் அந்தாஜ்

பக்கத்து வீட்டில் ஹாஜிரா ஆபா இருந்தார். நடுவில் மார்பளவு சுவர். ஆபா வீட்டிலிருந்து வரும் வாசனைக்கு எங்கள் தெரு நாய்கள் எல்லாம் அந்தச் சுவரடியிலேயே படுத்திருக்கும். அவரிடம்தான் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஆபா சந்தோஷமாகச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் உருது, என்னோடு தமிழ். அக்கா என்று பொருள்படும் 'ஆபா' தவிர எனக்கு உருதுவில் ஒரு சொல்லும் தெரியாது. முதல் பாடம் தால்ச்சா. பருப்பு, கத்தரிக்காய், கறி எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "உப்பு, மிளகாய்த்தூள், அந்தாஜ் பார்த்துப் போடுங்க டீச்சரம்மா" என்றார்.

உப்பு வீட்டில் இருந்தது. மிளகாய்த்தூள் இருந்தது. அந்தாஜ் இல்லை.

மளிகைக் கடைக்குப் போய்ச் செட்டியாரிடம் ஒரு பொட்டலம் அந்தாஜ் கேட்டேன். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது.

"இருந்திச்சும்மா. தீந்துபோச்சு. சந்தைக்கு மறுநாள் வாங்க."

சந்தைக்கு மறுநாள் போனேன். ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தார். அதில் பூ மாதிரி, நட்சத்திரம் மாதிரி, கறுப்பாக ஏதோ இருந்தது. அத்தனையையும் தால்ச்சாவில் போட்டேன். சாப்பிட்டால் இருமல் மருந்து குடித்தது போல இருந்தது.

சுவரோரம் நின்று ஆபாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"அது அன்னாசிப்பூம்மா. அந்தாஜ்னா சாமான் இல்லே. கண்ணால பார்த்து, மனசால அளந்து போடுறதுக்குப் பேரு அந்தாஜ்."

அவர் தப்பாகச் சிரிக்கவில்லை. ஆனால் செட்டியார் கடையில் இந்தக் கதை பரவிவிட்டது. நான் போனாலே, "டீச்சரம்மா, அந்தாஜ் வந்திருக்குது" என்று யாராவது சொல்வார்கள். இனி தெரியாத பெயர் எதையும் அந்தக் கடையில் கேட்பதில்லை என்று வைராக்கியம் பிடித்தேன்.

ஜாய்பல்

கிறிஸ்துமஸ் வந்தது. அண்ணி வருகிறார் என்றதும் ஆபாவே யோசனை சொன்னார். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் செய்யும் வெள்ளைக் குருமா. தயிர், முந்திரி, கசகசா, தேங்காய்ப்பால். மிளகாய்த்தூள் கிடையாது. பாலைப் போல வெளுத்திருக்கும்.

"எறக்குறதுக்கு முன்னாடி ஜாய்பல் கொஞ்சம் உரசிப் போடுங்க. வாசனை தூக்கும்" என்றார்.

"ஜாய்பல் என்றால் என்ன ஆபா? சாமான்தானே?" என்று முன்ஜாக்கிரதையாகக் கேட்டேன்.

"சாமான்தான். காய்ஞ்ச காய். கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். எல்லார் வூட்டுலயும் டப்பாவுல ஒண்ணு ரெண்டு கெடக்குமே."

தமிழில் ஜாதிக்காய் என்று அவர் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை, மேலும் ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். அந்தாஜ் விஷயத்துக்குப் பிறகு கேட்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் தேடினேன். என் கணவரின் துணிப்பெட்டிக்கு மேலே ஒரு தகர டப்பா. திறந்தால் காய்ந்த காய்கள். கல்லு மாதிரி கெட்டி. ஆபா சொன்னது அப்படியே பொருந்தியது.

அன்று எனக்குப் பலத்த ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்திருந்தது. சட்டியில் குருமா வெள்ளை வெளேரென்று கொதித்தது. பெரிய இரும்புச் சட்டி, ஆபாவிடம் வாங்கியது. ஒரு காயை எடுத்துக் கல்லில் உரசிப் போட்டேன். முகர்ந்தேன். வாசனை தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரசினேன். அப்போதும் இல்லை. முழுக்காயையும் தட்டிப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தேன். வாசனை வந்தே ஆகவேண்டும் என்று மூன்றாவதும் போட்டேன்.

ருசி பார்க்கவில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் ஓரமாக ஒரு நீலக்கோடு ஓடியது. கரண்டியால் கிளறினேன். கோடு பரவியது. கிளறக் கிளறக் குருமா முழுதும் சாம்பல் நிறமாயிற்று. வெளியே அண்ணியின் குரல் கேட்டது. ஜட்கா வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: மூடி வைத்தேன்.

அவர் சொன்ன ஒரு சொல்

இனி இலைக்குத் திரும்புகிறேன்.

யாக்கோபு அண்ணன் தண்ணீர் குடித்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். "துவர்ப்பு. நாக்கு தோலாட்டம் ஆயிட்டுது" என்று யாரிடமோ பேசுவது போலச் சொன்னார். அண்ணி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். டப்பாவோடு திரும்பி வந்தார்.

"இதையா போட்டே? கடுக்காயடி இது."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். விடுதியில் சனிக்கிழமை தோறும் வயிறு சுத்தமாக எங்களுக்குப் புகட்டிய பொடியின் பெயர் கடுக்காய். பொடியாகவே பார்த்தவளுக்குக் காயைத் தெரியவில்லை.

என் கணவருக்கு முதல் கவளத்திலேயே தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? வியாபாரிகள் கொண்டுவரும் கடுக்காயைக் கடித்துப் பார்த்துத் தரம் சொல்வதுதான் அவர் பிழைப்பு. டப்பாவில் இருந்தவை அப்படி வந்த மாதிரிகள். தெரிந்துகொண்டேதான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரும்புச் சட்டியும் கடுக்காயும் சேர்ந்தால் மை. அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே அப்படித்தான் காய்ச்சினார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"போதும் கிரேசு," என்றார் அண்ணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாளைக்கே பெரிய டீச்சரம்மாகிட்ட போய்ச் சொல்லிடு. வேலை வேணாம். ஒரு வருஷம் என் பக்கத்துல இருந்து கத்துக்கோ."

நான் தலையசைத்தேன். 

அப்போது என் கணவர் இலையை மடித்தார்.

"அக்கா, அவ வேலைக்குப் போவட்டும்."

"அப்ப யாரு ஆக்குறது?"

"நான் ஆக்குறேன்."

அண்ணி அவரைப் பார்த்தார். காது கேளாதவர் போல, "இன்னா?" என்றார்.

"நான் ஆக்குறேன்கா. எனக்கு நாக்கு இருக்குது. இவளுக்கு அது இல்லே. அவ்ளோதான்."

அண்ணியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "ஆம்பளை அடுப்புல நின்னு ஊதறதைப் பாக்கவா உன்னை வளத்தேன்?" என்று கேட்டார். அவர் மடித்த இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். 

மறுநாள் காலை யாக்கோபு அண்ணன் மட்டும் கொல்லையிலிருந்து மிகவும் தெளிந்த முகத்தோடு வந்தார். அவருக்கு வெகு வருஷமாக மலச்சிக்கல். "தப்பா நினைக்காதே கிரேசு. உன் குருமா நல்ல குருமாதான்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அண்ணி சொல்லிக்கொள்ளாமலேயே ஜட்காவில் ஏறிவிட்டார்.

நான் தலைமையாசிரியையிடம் போய், வேலையில் இருக்கிறேன் என்றேன்.

ஷெட்டுக்காரர் சமையல்

என் கணவர் முதல் நாளே நன்றாகச் சமைத்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஷெட்டில் தோலைத் தொட்டியில் ஊற வைக்கிற பழக்கத்தில் கறியையும் இரவெல்லாம் தயிரில் ஊற வைத்தார். அது கூழாகிவிட்டது. தோசைக்கு மாவு அரைத்து, பொங்கட்டும் என்று வெயிலில் வைத்தார். பொங்கிற்று. ஹாஜிரா ஆபா வீட்டுக் கோழிகள் சுவரேறி வந்து தின்றுவிட்டுப் போயின. விறகுப் புகையில் கண் சிவந்து ஷெட்டுக்குப் போனால், வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள்.

ஆனால் அவருக்கு உண்மையாகவே நாக்கு இருந்தது. ஒரு துளி வாயில் விட்டால் உப்பு கம்மி, புளி ஜாஸ்தி, தனியா கருகிவிட்டது என்று பிரித்துச் சொல்வார். ஆபா சுவருக்கு அந்தப் பக்கம் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குரல் கொடுப்பார். இவர் இந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். நடுவில் நான் நின்று காய் நறுக்கினேன். ஒரே அளவாக நறுக்க எனக்கு வரும்.

மாங்காய் வருவதற்குள் அவருடைய சட்டை மறுபடி உடம்போடு ஒட்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை

ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளிக்கு இல்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசலில் அண்ணியின் குடை சாத்தியிருந்தது.

தம்பி அடுப்பூதுகிறான் என்று ராணிப்பேட்டைச் சபையில் யாரோ பேசியிருக்கிறார்கள். இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டுப் போகிறேன் என்று ரயிலேறி வந்திருக்கிறார். வந்த இடத்தில் இவர், "முதல்ல சாப்பிடுக்கா. அப்புறம் திட்டு" என்று இலையைப் போட்டிருக்கிறார்.

நான் உள்ளே போனபோது அண்ணி அடுப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் குழம்பும் கறி வறுவலும். என் கணவர் இடுப்பில் துண்டோடு குனிந்து பரிமாறினார். அண்ணி என்னைப் பார்த்தார்.  மறுசோறு வாங்கினார். அதற்கும் குழம்பு கேட்டார்.

கை கழுவிய பிறகும் அடுப்படியை விட்டு நகரவில்லை.

"எனக்கு ஒருத்தர் ஆக்கிப் போட்டு, நான் உக்காந்து சாப்புடறது இதான் மொத தடவை" என்றார்.

என் கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா செத்தப்ப நான் மூணாவது படிச்சிக்கிட்டு இருந்தேன். அப்பா சிலேட்டுப் பலகையை வாங்கிப் பரண் மேல வெச்சிட்டு, போய் அடுப்பைப் பத்தவைன்னாரு. ஆம்பளைக்கு இந்த வேலை வராதுன்னாரு. நானும் நெசமாவே வராதுன்னு நினைச்சிக்கிட்டே இருந்துட்டேன்."

"நீ இதைச் சொன்னதே இல்லையேக்கா," என்றார் இவர். "படிப்பு உனக்குப் பிடிக்கலேன்னு தானே அப்பா சொன்னாரு."

"அவரு சொன்னாரு."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வையா வேறெதுவுமா என்று நான் பார்க்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். என் விரல்களில் காலையில் எழுதிய சாக்கட்டித் தூள் அப்படியே இருந்தது.

"எத்தினியாவதுக்குச் சொல்லித் தர்றே?"

"நாலாவதும் அஞ்சாவதும் அண்ணி."

"நாலாவதுல இன்னா கணக்கு வரும்?"

"பின்னம் வரும்."

"அப்படின்னா?"

பள்ளி மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தேன். அடுப்படித் தரையைக் கையால் துடைத்துவிட்டு ஒரு வட்டம் போட்டேன். நடுவே ஒரு கோடு இழுத்தேன். இது அரை. குறுக்கே இன்னொரு கோடு. இது கால். ஒரு கால் பாகத்தை மட்டும் நிழலடித்து, மீதி எவ்வளவு என்று கேட்டேன். அண்ணி விரலை ஒவ்வொரு துண்டின் மேலும் வைத்துப் பார்த்தார்.

அடுப்பில் ரசமோ எதுவோ பொங்கி வழிந்து புகைந்தது. என் கணவரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமு, அடுப்பைப் பாருடா," என்றார் அண்ணி, திரும்பாமலே. விரலை வட்டத்திலிருந்து எடுக்கவில்லை. "நீ சொல்லு கிரேசு. மீதி முக்கால். அப்புறம்?"